பெரிய கணனிக் கம்பனியா, வாப்பாவின் கடையா?

மாத்தளை திருகோணமலை வீதியில் கடை வைத்திருக்கும் எம்மவர்களிடையே ஒரே விதமான பேச்சு அடிபடுகின்றது. மகன் கணனிப் பட்டப்படிப்பை முடித்துவிட்டான். கொழும்பில் உள்ள பெரிய மென்பொருள் கம்பனியொன்றில் இருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்திருக்கின்றது. அனுப்புவதா, கடையில் இருத்துவதா? உக்குவளை, ரத்தோட்டை, கலேவெல என்று எங்கு போனாலும் இதே கேள்விதான்.

இதற்கு வழமையாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒரு சாரார், "படித்த பிள்ளை தராசு பிடிப்பதா? அனுப்புங்கள்" என்கின்றனர். மறு சாரார், "எவ்வளவு சம்பளம் எடுத்தாலும் அது அடிமை வேலைதான், கடையில்தான் பரக்கத்" என்கின்றனர். இரு சாராரும் கணக்குப் பார்த்துப் பேசுவதில்லை. ஒரு மூட்டை மிளகு வாங்குவதென்றாலும் நாம் நிறை பார்க்கிறோம், ஈரம் பார்க்கிறோம், கொழும்பு விலையை விசாரிக்கிறோம். பிள்ளையின் எதிர்கால விடயத்தில் அந்தளவு கணக்காவது பார்க்க வேண்டாமா? அந்தக் கணக்கைத்தான் இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றை ஞாபகப்படுத்திக் கொள்வோம். சம்பளத்துக்கு வேலை செய்வது இழிவானதல்ல. எமது நபி (ஸல்) அவர்கள் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள். பின்னர் கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்று, அவரது முகவராக வியாபாரம் செய்தார்கள். ஆகவே கூலி வேலையா, சொந்தத் தொழிலா என்பதல்ல பிரச்சினை. எது எந்த நிபந்தனையில் என்பதே பிரச்சினை.

இக்கம்பனிகள் எவை?

எமது நாட்டின் பெரிய மென்பொருள் கம்பனிகள் பலவும் 1996 இலோ அதற்குப் பின்னரோ வந்தவையே. விர்டுசா 1996 இல் ஆரம்பிக்கப்பட்டது. அதன் தலைமையகம் அமெரிக்காவில், வேலையின் பெரும்பகுதி கொழும்பிலும் இந்தியாவிலும். அதே 1996 இல் டோனி வீரசிங்க என்பவர் மிலேனியம் ஐ.டி. கம்பனியைத் தொடங்கினார். பங்குச் சந்தைகளுக்கான மென்பொருள் எழுதுவதே அதன் தொழில். 2009 இல் லண்டன் பங்குச் சந்தை அக்கம்பனியையே 3 கோடி டொலருக்கு வாங்கியது. 2011 இல் லண்டன் சந்தையின் கொடுக்கல் வாங்கல்கள் மாலபேயில் எழுதப்பட்ட மென்பொருளில் நடக்கத் தொடங்கின. சுவீடன் நாட்டின் ஐ.எப்.எஸ். கம்பனி 1997 இல் கொழும்புக்கு வந்தது. சஞ்ஜீவ வீரவர்ண உள்ளிட்டோர் 2005 இல் ஆரம்பித்த டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பனியை, 2024 இல் ஈ.கியூ.டி. என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

இலங்கைப் பிள்ளைகளின் மூளைக்கு உலகச் சந்தையில் விலை இருக்கின்றது என்பது இதிலிருந்து தெரிகின்றது. இன்னொன்றும் தெரிகின்றது. இக்கம்பனிகள் அடிக்கடி கைமாறுகின்றன. விர்டுசாவும் 2021 இல் சுமார் 200 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. நாம் கடையை விற்கும்போது சரக்கைக் கணக்கெடுத்துக் கொடுப்பது போல, கம்பனி விற்கப்படும்போது அதில் வேலை செய்பவர்களும் புதிய முதலாளியின் கணக்கில் சேர்ந்து விடுகின்றனர்.

நன்மைகள்

முதலாவது, குறித்த திகதியில் சம்பளம். மழை பெய்தாலும், மிளகு விலை விழுந்தாலும், கடன் வாங்கியவர் ஓடி ஒளிந்தாலும் மாதச் சம்பளம் வந்துவிடும். திரும்பி வந்த செக்கோடு வங்கி வாசலில் நின்ற எவருக்கும் இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, சட்டப் பாதுகாப்பு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம் கட்ட வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடங்கள் பூர்த்தி செய்தால், 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. பெரிய கம்பனிகளில் இவை கேட்காமலே கிடைக்கின்றன.

மூன்றாவது, ஒழுங்கு. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து ஒரு வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள், செய்த வேலையை எப்படி எழுதி வைக்கிறார்கள், ஒருவர் இல்லாவிட்டாலும் வேலை நிற்காமல் எப்படி ஓடுகிறது என்பதைப் பிள்ளை அங்கு கண்ணால் பார்க்கிறான். எமது கடைகளில் முதலாளி நோயில் படுத்தால் பாதிக் கணக்கு அவரோடு சேர்ந்து படுத்துவிடுகிறது.

நான்காவது, வெளிநாட்டு வருமானம். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியபோது எமது கடைகளில் விற்பனை விழுந்தது, இறக்குமதிச் சரக்கு வரவில்லை. அவ்வேளையில் சில மென்பொருள் கம்பனிகள் சம்பளத்தின் ஒரு பகுதியை டொலர் பெறுமதிக்கு இணைத்துக் கொடுத்தன. வாப்பாவின் கடை மூடிக்கிடந்த மாதத்திலும் பிள்ளையின் சம்பளத்தில் அடுப்பெரிந்த வீடுகள் உண்டு.

சம்பளக் கணக்கு

இனி, சம்பளத் தொகையைக் கேட்டவுடன் வாய் பிளப்பவர்களுக்காக ஒரு கணக்கு. மாதச் சம்பளம் 3 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். இதில் சேமலாப நிதிக்கு 24,000 ரூபா கழியும். 2023 ஜனவரியில் வருமான வரி கடுமையாக்கப்பட்டது, உச்ச வீதம் 36 சதவீதமானது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 சதவீதம், அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24 சதவீதம் என்று ஏறிச் செல்கின்றது. 3 இலட்சம் சம்பளக்காரருக்கு வருட வரி 2,22,000 ரூபா, அதாவது மாதம் 18,500 ரூபா. கைக்கு வருவது 2,57,500 ரூபா.

இதில் இருந்து கொழும்பில் போர்டிங், சாப்பாடு, போக்குவரத்து, வார இறுதியில் மாத்தளைக்கு வந்து போவது எல்லாம் கழிய வேண்டும். தனியாக இருப்பவர் 1,20,000 ரூபாவில் சமாளித்தால் 1,37,500 மிஞ்சும். கலியாணம் முடித்து வாடகை வீடு எடுத்தால் அந்த மிச்சம் வேகமாகக் கரையும். எமது பாஷையில் சொன்னால், சம்பளம் என்பது மொத்த விற்பனை, இலாபம் அல்ல. மாத முடிவில் மிஞ்சுவதே இலாபம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் எழுத வேண்டும். சேமலாப நிதியில் இரு பங்குகளும் சேர்ந்து மாதம் 60,000 ரூபா, நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் 9,000 ரூபா. இது வருடத்துக்கு 8,28,000 ரூபா. ஐந்து வருடம் பூர்த்தியானால் பணிக்கொடை 7,50,000 ரூபா. இக்கணக்கை ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கடையின் கணக்கைப் பிறகு மறுபக்கத்தில் எழுதுவோம்.

தீமைகள்

முதலாவது, பெரிய பெயர் பாதுகாப்பு அல்ல. 2022 நவம்பரில் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பனி 11,000 பேரையும், 2023 மார்ச்சில் மேலும் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர், மைக்ரோசொப்ட் 10,000 பேர், அமேசன் 18,000 பேர் என்று அறிவித்தன. கூகுளில் பலருக்கு இச்செய்தி மின்னஞ்சலில் வந்தது. கூகுளின் தலைவர் எமது தமிழ் பேசும் சென்னையில் வளர்ந்தவர் என்று நாம் பெருமைப்பட்டோம். கணக்கு என்று வந்தபோது அந்தப் பெருமை எவரது வேலையையும் காப்பாற்றவில்லை. 2025 ஜூலையில் இந்தியாவின் டி.சி.எஸ். கம்பனியும் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஆட்குறைப்பே செய்யாத கம்பனி என்று பெயரெடுத்திருந்த இடம் அது.

மாத்தளை மண்ணுக்கு இப்பாடம் புதிதல்ல. 1880 இல் இங்கு ரயில் பாதை வந்தது கோப்பித் தோட்டங்களை நம்பித்தான். 1869 இல் தென்பட்ட இலை நோய் அதற்குள்ளாகவே தோட்டங்களைத் தின்று கொண்டிருந்தது. 1884 இல் அந்தக் காலத்தின் பெரும் வங்கியான ஓரியண்டல் வங்கியே விழுந்தது. கோப்பி போன இடத்தில் தேயிலையும் கொக்கோவும் மிளகும் வந்தன. ஒரே பயிரை நம்பியவர் அழிந்தார், பல பயிர் வைத்தவர் பிழைத்தார். ஒரே சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பமும் ஒரே பயிர் வைத்த தோட்டம் போன்றதுதான்.

இரண்டாவது, நேரம். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தால் எமக்கு மாலை ஆறரை மணியாகும் போது, நியூயோர்க்கில் கோடை காலத்தில் காலை ஒன்பது மணி. அவர்களின் வேலை தொடங்கும் நேரம் எமது மஃரிப் நேரம். இரவுக் கூட்டங்கள் பழகிவிட்டால் தூக்கம், குடும்பம், ஜமாஅத் தொழுகை எல்லாம் பின்னுக்குப் போகும்.

மூன்றாவது, சிறிய பகுதி வேலை. பெரிய இயந்திரத்தின் ஓர் ஆணியை மட்டும் இறுக்குபவர் போல, பத்து வருடம் ஒரே பகுதியில் இருந்துவிட்டு முழு வேலையும் தெரியாமல் வெளியே வருபவர்கள் உண்டு. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பின்னர், புதிதாகச் சேருபவர்கள் செய்து வந்த சிறு வேலைகள் பலவற்றைச் செயற்கை நுண்ணறிவும் செய்கிறது. ஆகவே கற்பதை நிறுத்தியவருக்கு இத்துறை இரக்கம் காட்டாது.

நான்காவது, கடன் பொறி. சம்பளச் சீட்டைக் கண்டவுடன் வங்கிகள் கடன் அட்டையோடும் லீசிங் பத்திரத்தோடும் வாசலுக்கு வருகின்றன. இருபத்தைந்து வயதில் வட்டிக் கடனில் வாகனம் எடுத்த பிள்ளை, பிடிக்காத வேலையையும் விட முடியாமல் அடுத்த ஏழு வருடத்தை அடகு வைத்து விடுகிறான். மார்க்கத்துக்கும் விரோதம், கணக்குக்கும் விரோதம்.

மார்க்கமும் பெண் பிள்ளைகளும்

மென்பொருள் எழுதுவது ஹலாலான தொழில். ஆனால் எதற்காக எழுதுகிறோம் என்பது முக்கியம். இக்கம்பனிகளின் வாடிக்கையாளர்களில் வட்டி வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் உண்டு. வெளிநாட்டுச் சூதாட்ட நிறுவனங்களுக்கு வேலை செய்யும் கம்பனிகளும் உண்டு. எந்தப் பிரிவில், எந்த வேலைக்குச் சேருகிறோம் என்பதை அறிந்து, அதை விளங்கக்கூடிய ஆலிம் ஒருவரிடம் விபரமாகச் சொல்லிக் கேட்பதே சரியானது. "கம்பனி வேலை கூடுமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைதான் கிடைக்கும். ஜும்ஆவுக்கு நேரம், தொழ இடம், மது பரிமாறப்படும் விருந்துகளுக்குப் போகாமல் இருக்கும் உரிமை ஆகியவற்றைச் சேரும்போதே பேசிக்கொள்ளலாம். முதலில் தெளிவாகக் கேட்பவரைப் பெரும்பாலான கம்பனிகள் மதிக்கவே செய்கின்றன.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எமது பெண் பிள்ளைகள் பரீட்சைகளில் ஆண் பிள்ளைகளை முந்தி வெகு காலமாகிறது. 2020 இல் கொரோனாவோடு வந்த வீட்டில் இருந்து வேலை செய்யும் முறை, பல கம்பனிகளில் வாரத்தில் சில நாட்களுக்காவது தொடர்கின்றது. மாத்தளையில் வீட்டில் இருந்தபடியே கண்ணியமாகச் சம்பாதிக்க இது ஒரு வழி. இரவு நேரமாகும் நாட்களில் கம்பனி வாகனம் தருகிறதா, வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் போக வேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்த பின் முடிவு செய்யுங்கள். கேட்காமலே "வேண்டாம்" என்பது அப்பிள்ளையின் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

கடையின் கணக்கு

இப்போது மறுபக்கத்தை எழுதுவோம். கடை என்ன கொடுக்கிறது? சுதந்திரம் கொடுக்கிறது. ஊரோடும் உம்மா வாப்பாவோடும் இருக்க வைக்கிறது. மிளகைக் கையில் எடுத்து ஈரத்தைச் சொல்லும் அனுபவத்தையும், ஆளைப் பார்த்துக் கடன் கொடுக்கும் புத்தியையும் கொடுக்கிறது. இவற்றை எந்தக் கம்பனியும் கற்றுத் தராது. ஒரு கடை நன்றாக வளர்ந்தால் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும். சம்பளக்காரர் தன் வீட்டுக்கு மட்டுமே சோறு போடுகிறார்.

ஆனால் ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை சொல்வோம். எமது கடையில் மகனுக்குச் சம்பளம் உண்டா? கடையில் அவனுக்குப் பெயர் "சின்ன முதலாளி". மாத முடிவில் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம், நாட்டாமிமாருக்குக் கூலி, சின்ன முதலாளிக்கு ஒன்றுமில்லை. தேவைப்பட்டால் வாப்பாவிடம் கேட்க வேண்டும். முப்பது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பின்னும், பிள்ளைக்குப் பால்மா வாங்க லாச்சியைத் திறக்க வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். லீவு இல்லை, சேமிப்பு இல்லை, ஒரு யோசனை சொன்னால் "நான் நாற்பது வருடமாகச் செய்கிறேன்" என்ற பதில். கம்பனி பிள்ளையை இழுத்துக்கொண்டு போனது என்று சொல்கிறோம். பல வீடுகளில் அவனைத் தள்ளிவிட்டது கடைதான்.

இதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. மூத்தவன் படிப்பை விட்டு வாப்பாவோடு கடையில் நின்றான். இளையவன் படித்துக் கம்பனிக்குப் போனான். பதினைந்து வருடத்தில் மூத்தவனின் உழைப்பால் ஒரு கடை இரண்டு கடையானது. எல்லாம் வாப்பாவின் பெயரில். வாப்பா வபாத்தானதும் வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் மக்கள் இருவருக்கும் சம பங்கு. பெண் மக்களுக்கும் உம்மாவுக்கும் உரிய பங்குகள் உண்டு. இது அல்லாஹ் விதித்த பங்கு, இதில் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் மூத்தவனின் பதினைந்து வருடச் சம்பளம் எங்கே? அது எழுதப்படவில்லை. எழுதப்படாததால் அவன் அதை முழுக் கடையாகக் கேட்கிறான். மற்றவர்கள் "வாப்பாவின் சொத்து" என்கின்றனர். சகோதரர்கள் பள்ளிவாசலிலும் நீதிமன்றத்திலும் நிற்கின்றனர். பங்கு பிரித்ததில் தவறில்லை. கூலியைக் கொடுக்காமலும் எழுதாமலும் விட்டதே தவறு.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கட்டளையிடுகிறது. அந்நியருக்குக் கடன் கொடுத்தால் கொப்பியில் எழுதும் நாம், சொந்த மகனின் உழைப்பை எழுதாமல் விடுவது நியாயமா?

நடைமுறை வழி

கடையா, கம்பனியா என்று ஒன்றை வெட்டி ஒன்றை எடுக்கத் தேவையில்லை. பின்வரும் முறையைக் குடும்பத்தில் மஷூரா செய்து பாருங்கள்.

1. பிள்ளைக்கு விருப்பமும் தகுதியும் இருந்தால் ஐந்து வருடம் கம்பனிக்கு விடுங்கள். பணிக்கொடையும் சேரும், அனுபவமும் சேரும். வட்டிக் கடனில் விழாமல் மாதம் ஒரு தொகையைச் சேமிப்பது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். அது நாளைய முதல்.

2. அவன் கற்றதைக் கடைக்குக் கொண்டு வரட்டும். சரக்கு இருப்பு, கடன் கணக்கு, வெளிநாட்டு வாங்குநர்களுடன் கடிதத் தொடர்பு ஆகியவற்றை வார இறுதியில் ஒழுங்குபடுத்தலாம். அதற்கும் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

3. கடையில் நிற்கும் மகனுக்கு இம்மாதமே சம்பளம் நிர்ணயியுங்கள். அல்லது இலாபத்தில் பங்கு என்று எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் ஒப்பமிடட்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

4. கடையில் வேலை செய்யும் மற்றவர்களுக்குச் சேமலாப நிதி கட்டுங்கள். ஒரே ஒரு வெளியாள் வேலைக்கு இருந்தாலும் அது சட்டக் கடமை. கம்பனிக்குப் போக முடியாத ஏழைப் பிள்ளை எமது கடையில்தான் நிற்கிறான்.

5. ஊரிலேயே இத்துறையை வளர்க்க முடியுமா என்று யோசியுங்கள். தமிழ்நாட்டின் சோஹோ கம்பனி தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் நடத்துகிறது. உலகம் முழுவதும் விற்கும் மென்பொருள் அங்கு எழுதப்படுகிறது. மாத்தளை அதைவிடப் பெரிய ஊர். கடைகளின் மேல்மாடிகள் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில் நல்ல இணைய இணைப்போடு பத்து மேசை போட்டுக் கொடுப்பதும் ஒரு வியாபாரம்தான்.

சேர முன் கேட்க வேண்டியவை

நியமனக் கடிதத்தில் கையெழுத்திட முன்னர் பிள்ளை இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு? சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டப்படும்? தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? விலகுவதானால் எத்தனை மாத முன்னறிவித்தல்? பயிற்சிக்காக இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்ற பிணை உண்டா? இரவுக் கூட்டங்கள் வாரத்தில் எத்தனை நாள்? எந்த நாட்டு, எந்தத் துறை வாடிக்கையாளருக்கு வேலை? விலகிய பின் சொந்தத் தொழில் செய்யத் தடை ஏதும் உண்டா?

வாப்பாமாரும் தமக்குள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதே கேள்விகளை மகன் எமது கடையைப் பற்றிக் கேட்டால், எத்தனைக்கு எம்மிடம் விடை இருக்கிறது? கம்பனி நாலு பக்க நியமனக் கடிதம் கொடுத்துப் பிள்ளையை அழைக்கிறது. நாம் ஒரு பக்கமாவது எழுதிக் கொடுத்து அழைப்போம். அதன் பிறகும் அவன் கம்பனியைத் தெரிவு செய்தால் துஆச் செய்து அனுப்புவோம். கடையைத் தெரிவு செய்தால் உரிய கூலியோடு வைத்திருப்போம்.

வல்ல அல்லாஹ் எமது பிள்ளைகளின் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் பரக்கத் உள்ளதாகவும் ஆக்குவானாக.